“5 அடி 3தான் இருக்கிறேன், 5 அடி 5 என்று சொல்லி வருகிறோம்”

யாழ்ப்பாணம் வலிகாமத்தைச் சேர்ந்த வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

1994இல் பிறந்தவர். அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். உயரம் 5 அடி 3 அங்குலம். தகப்பன் 5 அடி 4, தாய் 4 அடி 11. பள்ளிக்கூடத்தில் உயர வரிசையில் நிறுத்தும்போதெல்லாம் இவர்தான் முன்னுக்கு. ‘கட்டையன்’ என்பது பட்டம். 15 வயதில் கரப்பந்து அணிக்குத் தெரிவு நடந்தபோது, “நெற்றுக்கு மேல கை வருமோடா?” என்று ஒருவர் கேட்டு எல்லோரும் சிரித்ததோடு விளையாட்டை விட்டுவிட்டார். இப்போது மூன்று வருடமாகக் கலியாணம் பேசுகிறார்கள். தரகர் குறிப்போடு கொடுத்தனுப்பும் விபரத்தில் 5 அடி 5 என்று போட்டிருக்கிறார். வீட்டிலும் “அது பரவாயில்லை” என்று விட்டுவிட்டார்கள்.

கடைசியாகப் பேசிய இடத்துப் பெண்ணைப் பார்க்க நல்லூர் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். உள்ளே தடித்த அடி வைத்த சப்பாத்து போட்டுக்கொண்டு போனவர், கோயில் வாசலில் அதைக் கழற்ற வேண்டியிருந்தது. சேட்டையும் கழற்ற வேண்டியிருந்தது. “வெறும் மேலோட, வெறுங்காலோட அவையளுக்கு முன்னால நிக்கேக்க, களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி இருந்தது” என்று எழுதுகிறார். நாலு நாளில் தரகர் வந்து சரிவராது என்று சொல்லிவிட்டார். பெண்ணின் தமையன் சொன்னதாகத் தரகர் சொன்ன ஒரு வசனத்தையும் வாசகர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்: “உயரம் பெரிய பிரச்சினை இல்லை. இதையே கூட்டிச் சொன்னவை வேற என்னத்தை எல்லாம் கூட்டிச் சொல்லியிருப்பினம்?”

அதற்குப் பிறகு நண்பர்களின் கலியாணங்களுக்குப் போவதில்லை, போனாலும் படத்துக்கு நிற்பதில்லை. இணையத்தில் விளம்பரம் பார்த்து உயரம் கூட்டும் மாத்திரை வாங்கிக் குடிக்கிறார். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான், இந்தியாவில் காலை நீட்டும் அறுவைச் சிகிச்சை செய்யக் காசு தருவதாகச் சொல்கிறார். “செய்யலாமா? பெண்கள் எல்லோரும் ஆறடிதான் கேட்கினம் என்றால் எனக்கு வேறு வழி என்ன? அம்மா தன்னாலதான் இப்பிடி என்று அழுகிறா. எனக்கு மனநோயா?” இவைதான் கேள்விகள்.

தம்பி, “உயரமெல்லாம் ஒரு விசயமா, மனசுதான் முக்கியம்” என்று நான் எழுதப் போவதில்லை. அதை உங்களுக்கு ஏற்கனவே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள், சொன்ன அதே ஆட்கள் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பேசும்போது “மாப்பிள்ளை என்ன உயரம்?” என்றும் கேட்டிருப்பார்கள். சச்சின், களுவிதாரண என்று கட்டையான கிரிக்கெட் வீரர்களைப் பட்டியல் போடவும் மாட்டேன். உலகக் கிண்ணம் வென்றவரின் உயரம் சுன்னாகத்தில் கலியாணம் பேசுகிறவருக்கு எந்த விதத்தில் உதவும்?

உங்களுக்கு வலித்தது கற்பனை இல்லை. “கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே” என்று பழமொழியே வைத்திருக்கிற சனம் நாங்கள். ஊனத்தைச் சொல்லிக் கேலி செய்தால் முகம் சுளிக்க இப்போது நாலு பேராவது இருக்கிறார்கள். உயரத்தைச் சொன்னால் அது பகிடி. அதற்கு ஓர் ஆண் வருத்தப்பட்டால் அது அதைவிடப் பெரிய பகிடி. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் இதைப் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வேறு ஏதாவது காரணத்துக்கு, நித்திரை வரவில்லை, வயிறு எரிகிறது என்று வைத்தியரிடம் வந்து உட்கார்ந்து, எழும்பிப் போகும் நேரத்தில்தான் இந்தக் கதை வெளியே வரும்.

உயரமான ஆண்களுக்குச் சம்பளமும் கூட என்று வெளிநாட்டு ஆய்வுகள் கனகாலமாகச் சொல்லி வருகின்றன. பேர்சிகோ, போஸ்ட்லுவெயிட், சில்வர்மன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2004இல் இதையே கொஞ்சம் கிண்டிப் பார்த்தார்கள். பிரித்தானிய, அமெரிக்க ஆண்களின் தரவுகளில் அவர்கள் கண்டது சுவாரசியமானது: சம்பளத்தோடு அதிகம் தொடர்புபட்டது வளர்ந்த பிறகு இருந்த உயரம் இல்லை, 16 வயதில் இருந்த உயரம். பிறகு வளர்ந்து மற்றவர்களை எட்டிப் பிடித்தவர்களுக்குக்கூட அந்த நன்மை பெரிதாகக் கிடைக்கவில்லை. காரணத்தில் ஒரு பகுதியாக அவர்கள் காட்டியது, கட்டையாக இருந்த பிள்ளைகள் அந்த வயதில் விளையாட்டு, கழகம் போன்றவற்றில் குறைவாகச் சேர்ந்திருந்ததை. உங்கள் 15 வயதுக் கரப்பந்துக் கதையை வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. உயரம் உங்களிடமிருந்து பறித்ததைவிட, கேலிக்குப் பயந்து நீங்களாக விட்டுக்கொடுத்தது கூட என்று எனக்குப் படுகிறது. கலியாண வீடுகளிலும் இப்போது அதையேதான் செய்கிறீர்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 2005–06 காலத்தில் இலங்கையில் வளர்ந்தவர்களின் உயரத்தை அளந்த பெரிய ஆய்வொன்றில் ஆண்களின் சராசரி ஏறத்தாழ 164 சென்ரிமீற்றர், பெண்களின் சராசரி ஏறத்தாழ 151. (ஏழு மாகாணங்களில்தான் அளந்தார்கள். வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. அது போர்க்காலம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.) நீங்கள் 160. பிறகு வந்த தலைமுறை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். அப்படிப் பார்த்தாலும் சராசரிக்கு இரண்டு அங்குலம் அளவில் குறைவு, அவ்வளவுதான். உலகம் முழுவதையும் ஒப்பிட்ட 2016 ஆய்வொன்றின்படி கிழக்குத் திமோரில் சராசரி ஆணின் உயரமே உங்களுடையதுதான்.

‘ஆறடி’ என்பது 183 சென்ரிமீற்றர். மேலே சொன்ன சராசரியை வைத்துப் பார்த்தால் நம் நாட்டில் ஆயிரம் ஆண்களில் ஒரு சிலர்தான் அந்த உயரத்தைத் தொடுவார்கள். பெண்கள் எல்லோரும் ஆறடி கேட்டால் யாழ்ப்பாணத்தில் கலியாணமே நடக்காது. அதே கணக்கில் பத்துப் பெண்களை எடுத்தால் எட்டு ஒன்பது பேர் உங்களைவிட உயரம் குறைந்தவர்கள். பெண்கள் தங்களைவிட உயரமானவரை விரும்புவது உண்மை. பெரும்பாலான ஆய்வுகளில் அப்படித்தான் வருகிறது. ஆனால் ‘என்னைவிட உயரம்’ என்பது வேறு, ‘ஆறடி’ என்பது வேறு. முதலாவது நிபந்தனையில் நீங்கள் பெரும்பாலான இடங்களில் தேறிவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தின் நடுப்பக்கத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. போன வருடம் வந்த ஒரு சம்பந்தத்தை, பெண் 5 அடி 4 என்பதால் நீங்களே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். “பக்கத்தில நிண்டால் சனம் சிரிக்கும்” என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. 5 அடி 4 உயரமான பெண்ணை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் ஒரு தாய் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். “நெடுவல்” என்று அந்தப் பிள்ளையும் கேட்டுக் கேட்டு, தோளைக் குறுக்கி நடக்கப் பழகியிருப்பாள். ஒரே அளவுகோலால் கழிக்கப்பட்ட இரண்டு பேர். அந்த அளவுகோலை அன்று கையில் வைத்திருந்தவர் நீங்கள். பத்துப் பொருத்தம் பார்க்கிற எங்கள் சாத்திரிமார்கூட அதில் உயரத்தைச் சேர்க்கவில்லை; பதினோராவதாக அதை நாங்கள்தான் சேர்த்துக்கொண்டோம்.

மாத்திரை

நிறுத்துங்கள், இன்றைக்கே. கைகால் எலும்புகளின் நுனிக்குக் கிட்ட உள்ள வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதியில்தான் எலும்பு நீளமாகிறது. ஆண்களில் பதின்ம வயதின் முடிவோடு, பிந்தினால் 20 வயதளவில், அது எலும்பாகி மூடிவிடும். மூடிய பிறகு எந்த மாத்திரையும், எந்தப் பொடியும், கம்பியில் தொங்குவதும் உயரத்தைக் கூட்டாது. வளர்ச்சி ஓமோன் ஊசிகூடக் கூட்டாது. அந்த வயதில் அதைப் போட்டால் கையும் பாதமும் தாடையும் தடிக்கும், சீனி வருத்தம் வரலாம், மூட்டு நோகும்.

“இரண்டு கிழமையில் ஒரு சென்ரிமீற்றர் கூடியது” என்று நீங்கள் எழுதியிருப்பதையும் நம்புகிறேன். காலையில் அளந்திருப்பீர்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் பருக்கும். பகலில் உடற்பாரம் அதை நசுக்கும். எல்லோரும் காலையில் ஒன்று, ஒன்றரை சென்ரிமீற்றர் உயரம்தான். அந்த விளம்பரங்கள் “காலையில் எழுந்ததும் அளந்து பாருங்கள்” என்று சொல்வது சும்மா இல்லை.

ஆங்கில மருந்து என்று சொல்லி விற்கும் எதுவும் இந்த நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவாகியிருக்க வேண்டும். முகநூலில் வாங்கிய போத்தலில் பதிவிலக்கமும் இல்லை, உள்ளே இருப்பது என்னவென்றும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றி விற்றதற்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். காசு திரும்பி வருமா என்பது வேறு கதை. முறையிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இதை வாசிக்கிற பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை வளரவில்லை என்று சந்தேகம் இருந்தால், வளர்ச்சித் தட்டு மூட முன்னர் காட்ட வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் குறித்துத் தருகிற வளர்ச்சி வரைபை எடுத்துக்கொண்டு சிறுவர் வைத்தியரிடம் போங்கள். 14 வயதில் கேட்டால் செய்ய ஏதாவது இருக்கலாம்.

காலை நீட்டும் அறுவைச் சிகிச்சை

இது பொய்யான வைத்தியம் இல்லை. சோவியத் ஒன்றியத்தில், குர்கான் என்ற ஊரில் வேலை செய்த இலிசரோவ் என்ற வைத்தியர் 1950களில் உருவாக்கிய முறை. அவரிடம் வந்தவர்களில் பலர் உலகப் போரில் காயப்பட்டவர்கள். எலும்பு சிதைந்தவர்களுக்கும், ஒரு கால் கட்டையாகிப் போனவர்களுக்கும் இன்றைக்கும் அது பெரிய வரம். உயரம் கூட்டுவதற்கு அதைப் பாவிப்பது பின்னால் வந்த வியாபாரம்.

நடப்பது இதுதான். இரண்டு கால் எலும்பையும் வெட்டுவார்கள். வெளியே வளையமோ உள்ளே கம்பியோ பொருத்தி, நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் வெட்டுவாயை விலக்குவார்கள். அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். 5 சென்ரிமீற்றருக்கு விலக்கவே 50 நாள். பிறகு அந்தப் பிஞ்சு எலும்பு முற்றிப் பாரம் தாங்க இன்னும் பல மாதம். அதுவரை தினமும் பிசியோதெரபி, ஊன்றுகோல், நோ. எலும்பு இழுபடும் வேகத்துக்குத் தசையும் நரம்பும் இழுபடாது. கணுக்கால் மடங்காமல் போவது, நரம்பு பாதிப்பு, கம்பி போகும் துளைகளில் கிருமித்தொற்று, எலும்பு பொருந்தாமல் மறுபடி வெட்டுவது எல்லாம் நடக்கக்கூடியவை. அரிதாகக் கொழுப்புத் துணிக்கை நுரையீரலுக்குப் போய் உயிராபத்தும் வரலாம்.

சட்டப்படி உங்களை யாரும் தடுக்க முடியாது. வயது வந்தவர், உங்கள் கால். ஆனால் இரண்டு விடயத்தை யோசியுங்கள். முதலாவது, இந்தியாவில் வெட்டிவிட்டு ஊருக்கு வந்தபின் சிக்கல் வந்தால் யார் பார்ப்பது? வெட்டியவர் அங்கே, கால் இங்கே. இரண்டாவது, ஒரு வருடம் லீவு எடுத்து, மச்சானுக்குக் கடன்பட்டு, 5 அடி 5 ஆகி வருகிறீர்கள். அந்த அறுவைச் சிகிச்சையைப் பெண் பகுதிக்குச் சொல்வீர்களா, மறைப்பீர்களா? மறைக்க இன்னொன்று கூடும், அவ்வளவுதான். என் கருத்து: வேண்டாம். குறைந்தது, இப்போதைய மனநிலையில் முடிவெடுக்க வேண்டாம்.

5 அடி 5

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வசனம் அந்தத் தமையன் சொன்னது. நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். “உயரம் பெரிய பிரச்சினை இல்லை” என்று அந்த வீடு சொல்லியிருக்கிறது. தரகர் அதை உள்ளபடி சொன்னாரா, மெழுகிச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதை நம்பாமல் விட உங்களுக்கும் காரணம் இல்லை. வெளிநாட்டு மாப்பிள்ளைமார் படிப்பையும் வேலையையும் முந்திய கலியாணத்தையும் மறைத்து ஏமாற்றிய கதைகள் ஊர் முழுக்க இருக்கும்போது, பெண் பகுதி எந்தச் சின்னப் பொய்யையும் பெரிதாகத்தான் பார்க்கும். அவர்களுடைய இடத்தில் நின்றால் நானும் அப்படித்தான் யோசிப்பேன்.

ஆகவே தரகரைக் கூப்பிட்டு 5 அடி 3 என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். “அப்பிடிப் போட்டால் ஒரு இடமும் வராது” என்பார். இடம் குறையும், உண்மைதான். குறைகிற இடங்கள் எப்படியும் உங்களை நேரில் கண்டதும் போயிருக்கப் போகிற இடங்கள். வருகிற இடங்கள் தெரிந்துகொண்டு வருபவை; அங்கே நீங்கள் களவெடுத்தவன் மாதிரி நிற்கத் தேவையில்லை. தரகர் கேட்காவிட்டால் தரகரை மாற்றுங்கள். சப்பாத்துக்குள் அடி வைப்பது குற்றம் இல்லை. பெண்கள் குதி உயர்ந்த செருப்பு போடுவதில்லையா? போடுங்கள். அதோடு சேர்த்து அளந்த உயரத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். முடிந்தால் முதல் சந்திப்பில் பெண்ணோடு பத்து நிமிடமாவது தனியாகக் கதைக்கக் கேளுங்கள். உயரக் கணக்குப் பார்ப்பது அனேகமாகப் பெரியம்மாவும் மாமியும்தான். அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.

அலுவலகத்தில் ‘கட்டைத் தம்பி’ என்று கூப்பிடுவதாக நீங்கள் எழுதியிருக்கிறவரிடம் எல்லோர் முன்னாலும் சண்டைக்குப் போகவேண்டாம். தனியாகக் கண்டு, “அண்ணை, என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ” என்று ஒரு தரம் நேராகச் சொல்லுங்கள். அனேகமானோர் அதோடு விட்டுவிடுவார்கள்.

அப்புறம் அம்மா. 1994இல் பொருளாதாரத் தடைக்குள் உங்களைச் சுமந்தவர், வலிகாமமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு உங்களைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர், அகதியாக இருந்த இடத்தில் பால்மாவுக்கு அலைந்தவர், “நான் உனக்குச் சாப்பாடு தரேல்லை” என்று அழுகிறார். வயிற்றில் இருக்கும் காலமும் முதல் இரண்டு வருடமும் வளர்ச்சிக்கு முக்கியம் என்பது உண்மை. ஆனால் உயரத்தின் பெரும்பகுதி பரம்பரையால் வருவது. பெற்றோரின் உயரத்தை வைத்து மகனின் உயரத்தை மதிப்பிட வைத்தியர்கள் பாவிக்கும் கணக்கு ஒன்று உண்டு: தகப்பன், தாய் உயரத்தோடு 13 சென்ரிமீற்றரைக் கூட்டி இரண்டால் பிரிப்பது. உங்கள் அப்பா 163, அம்மா 150. 163ஐயும் 150ஐயும் 13ஐயும் கூட்டினால் 326, பாதி 163. அதற்கு எட்டு சென்ரிமீற்றர் மேலே கீழே வருவது வழமை. நீங்கள் 160. போர் ஒன்றும் எடுக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இந்தக் கணக்கில் அது எடுத்ததாகக் காட்டக்கூடியது மிஞ்சினால் மூன்று சென்ரிமீற்றர். ஒரு தாளை எடுத்து அம்மாவுக்கு முன்னால் இருந்து இந்தக் கணக்கைச் செய்து காட்டுங்கள். அந்த நிலைமையில் உயிரோடு வளர்த்து எடுத்ததற்கு அவருக்கு ஒரு நன்றியும் சொல்லலாம். நீங்கள் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

கடைசிக் கேள்வி, மனநோயா என்பது. கடிதத்தை வைத்து அதை யாரும் தீர்மானிக்க முடியாது. கேலிபட்டவர் வருந்துவது நோய் இல்லை. ஆனால் உடலின் ஒரு விடயத்தையே நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருப்பது, திரும்பத் திரும்ப அளப்பது, பக்கத்தில் நிற்கிற எல்லோரோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது, அதற்காக ஆட்களைத் தவிர்ப்பது ஆகியவை சேர்ந்து வரும் ஒரு நிலை உண்டு. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பேச்சு மூலமான சிந்தனை நடத்தைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளும். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை என்பதையும் மச்சானுக்குச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் சுவரில் கோடு போட்டு அளப்பதாக எழுதியிருப்பதால் ஒரு தரம் காட்டுவது நல்லது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், 1926க்கு உடனே அழையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது. கிளினிக்குக்குப் போகும்போது அந்த மாத்திரைப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை குடித்தீர்கள் என்று வைத்தியர் கட்டாயம் கேட்பார்.